கடல் கடந்து வந்த புத்தகம்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகள் எழுதுவது.

அப்பா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தார். பாரிசுக்கு வந்து உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, நம்மவர் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு கடையின் நிலவறையில் அச்சகம் தொடங்கினார். உங்கள் வீட்டுக் கல்யாண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் அங்கிருந்துதான் வந்தன. அவருடன் கூட நின்றவர் அவருடைய தம்பி, என் சித்தப்பா.

அப்பாவுக்கு ஒரு பித்து இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்காவில் பதிப்பகம் நடத்திப் பொருளாதாரமும் எழுதிய ஒருவரின் நூல்களைப் பிரெஞ்சில், அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தார். செய்பவரும் வாங்குபவரும் அருகருகே இருக்க வேண்டும், எல்லாவற்றையும் கடல் கடந்து தருவித்தால் உள்ளூர்க் கைகள் சும்மா கிடக்கும் என்பது அந்த மனிதரின் கட்சி. அதுவே அப்பாவின் கட்சியும் ஆயிற்று. சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான். அம்மா காது கொடுப்பதை எப்போதோ விட்டுவிட்டார். அந்த அமெரிக்கரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதி முடித்தபோது அப்பாவின் பார்வை மங்கியிருந்தது. அச்சிடும் வேலையைச் சித்தப்பாவிடம் நம்பிக் கொடுத்தார்.

வெளியீட்டு விழாவில், "இது லாச்சப்பலிலை, எங்கடை கையாலை அடிச்ச புத்தகம்" என்று அப்பா பேசிக்கொண்டிருந்தார். பின்னால் பெட்டி பிரித்தவர் கத்தினார்: "அண்ணை, இது சென்னையிலையிருந்தெல்லோ வந்திருக்கு!"

மண்டபமே சிரித்தது. அப்பா சித்தப்பாவைப் பார்த்தார்.

"அங்கை மலிவு, அண்ணை. உங்களுக்குத் தெரியவராதெண்டு நினைச்சன்."

அப்பா ஒலிவாங்கியை வைத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு நீங்கள் செய்தது அதைவிடக் கொடுமை. அன்று சிரித்தவர்களே, சென்னையில் மலிவாக அடிப்பித்துத் தருவார் என்று, அழைப்பிதழ் வேலைகளைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவிடம் போனீர்கள். அப்பாவின் இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. அவர் ஒருவரையும் திட்டவில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. சார்செல் புறநகரில் எங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்தபோது, கதவு மணி அடித்தால் "தம்பியோ?" என்று கேட்பார். தம்பி வரவில்லை.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும் நன்றி. செத்த வீட்டுக்குப் பிறகு சித்தப்பாவும் தொலைபேசியில் அழைத்தார்: "பிள்ளை, மலரை நான் அடிச்சுத் தாறன். காசு வேண்டாம்."

"எங்கை அடிப்பியள், சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் அழைப்பைத் துண்டித்தார்.

ஆகவே இதை வீட்டிலிருக்கும் சிறிய அச்சுப்பொறியில் எடுத்தோம். அம்மா மடித்தார், நான் ஊசி நூலால் தைத்தேன். பக்கங்கள் கோணலாக இருக்கும், மை விரலில் ஒட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். இது இங்கேயே செய்தது.