வயிறு என்று சொல்லியிருந்தார்கள்

எனக்குப் புற்று வந்த இடம் ஆசனவாய். எங்கள் ஊரான புன்னைக்காயலில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் தின்று தீர்த்தேன். பிறகு திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். எங்கள் தெருவே கூடி ஜெபிக்கும் அன்பியத்தில் என் வீட்டுக்காரர் வயிறு என்று சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. எந்த இடமாயிருந்தால் என்ன என்றிருந்தது.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். மருந்தும், கரண்டு என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சும் ஒரே சமயத்தில் கொடுத்தால் பெரும்பாலும் கத்தி வைக்காமலேயே கட்டி கரைந்துவிடுமாம். கரையாவிட்டால் ஆசனவாயை எடுத்துத் தைத்துவிட்டு, மலம் போக வயிற்றில் துளை போட்டுப் பை மாட்ட வேண்டும், ஆயுசுக்கும். என் வீட்டுக்காரர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பையோடு பூசைக்குப் போனால் நாறுமா என்று மட்டும் யோசித்தேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை கரண்டு. கவிழ்ந்து படுக்க வேண்டும். துணியை விலக்கி, மையால் போட்ட கோட்டைச் சரிபார்ப்பார்கள். முதல் நாள் கூசியது. அப்புறம் ஏலத்துக்குப் போட்ட மீன் மாதிரிக் கிடந்தேன். முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் ஊசி மருந்து ஏற்றினார்கள். தோல் வெந்து உரிந்தது. வெளிக்குப் போனால் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் எரிச்சலாக வரும். உட்கார முடிந்தால் உட்காரமாட்டேனா?

வாராவாரம் அன்பியத்துப் பெண்கள் வந்து என் வயிற்றில் கை வைத்து ஜெபித்தார்கள். வலியே இல்லாத இடத்துக்கு அத்தனை ஜெபம். அடுத்த வீட்டுக்காரி, என்னைவிட இளையவள், எல்லோருக்கும் முன்னால் வந்து கடைசியாகப் போவாள். கஞ்சியும் அவள்தான் கொண்டுவருவாள்.

சிகிச்சை முடிந்தாலும் உடனே ஒன்றும் தெரியாதாம். கட்டி மெதுவாகத்தான் கரையும் என்றார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தேன். கடைசியில் டாக்டரம்மா விரல் விட்டுப் பார்த்து, ஸ்கேனையும் பார்த்து, கட்டி இல்லை, பை வேண்டாம், ஆனால் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். சரி என்றேன். ஊர் வந்து சேரும்வரை சந்தோஷம் வருமென்று பார்த்தேன். வரவில்லை.

சாயங்காலம் நன்றி சொல்லப் பெண்கள் வந்தார்கள். மறுபடியும் வயிற்றில் கை. எனக்குச் சலித்துப்போனது.

“வயித்துல இல்லக்கா. வெளிக்குப் போற எடத்துல.”

வயிற்றிலிருந்து கையை எடுத்தார்கள். ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த வீட்டுக்காரி மட்டும் காபி டம்ளர்களைக் கழுவ அடுப்படிக்குள் வந்தாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினாள்.

“எனக்கும் அங்கனதான்க்கா ரத்தம் போகுது. ஒங்களுக்கு வயிறுன்னு சொன்னாவ. அதான் நமக்கு மூலம்னு இருந்துட்டேன்.”

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். எனக்குக் கரண்டு வைக்கத் தொடங்கும் முன்பிருந்தே என்றாள்.

கோபம் வந்தது. அவள்மேல், என் வீட்டுக்காரர்மேல், இந்தத் தெருவின்மேல். இத்தனை மாதத்தில் எனக்கு வந்த முதல் கோபம். அவளிடமிருந்து டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

“காலையில மொத பஸ்ஸு. நானும் வாரேன்.”

“டாக்டர்ட்ட எப்படிக்கா சொல்ல?”

“நான் சொல்லுதேன்ளா,” என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.