ஒரு தட்டு என்றால் நில்

இது கதை இல்லை. நடந்தது. சந்தேகம் இருப்பவர்கள் என் மச்சான் வீட்டு கேட்டைப் போய்ப் பார்க்கலாம். வலது தூணின் உச்சியில் அழகாக ஒரு சிமெண்டுப் பந்து உட்கார்ந்திருக்கும். இடது தூணில் இருக்காது. அதைக் கீழே தள்ளியவன் நான்தான். பேய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது முழுக்க முழுக்க என் சொந்தத் திறமை.

வண்டி வாங்கிய முதல் நாள், மாலை 5:20. புது வண்டியைக் காட்ட மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். 'புது' என்றால் எனக்குப் புதிது. உண்மையில் அது இருபத்தாறு வருடப் பழைய பிக்கப். மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. அவன் வாசலில் நின்று வாயைத் திறப்பதற்குள், கிளம்புகிற ஜோரில் ரிவர்ஸ் போட்டுவிட்டேன்.

பந்து உருண்டு சாக்கடையில் விழுந்தது.

"மாமா, தூணு நேத்துதான் காஞ்சுது" என்றான். கோபம்கூட இல்லை. அதுதான் வலித்தது.

அன்றைக்கு என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். "பின்னாடி நின்னு பாத்துத் தட்டிச் சொல்ல ஒரு ஆள் வேணுங்க உங்களுக்கு. ரெண்டு தட்டுன்னா வா. ஒரு தட்டுன்னா நில்லு. ஊரு உலகத்துல எல்லா வண்டிக்காரனும் அப்படித்தானே எடுக்கறான்?"

ஆளுக்கு எங்கே போக? நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். வீடுகளில் போய் மெஷினை ஏற்றி வருவேன், என் வீட்டு முற்றத்துக் கொட்டகையில் பிரித்துப் பார்ப்பேன், சரியானதும் கொண்டுபோய்க் கொடுப்பேன். முதலாளி, தொழிலாளி, சுமைகூலி எல்லாம் நான் ஒருவனே. என்னிடம் சம்பளம் கேட்காத ஒரே ஆள் நான்தான்.

ஆனாலும் சொல்கிறேன், அந்த வண்டியை ஓட்டுவது போல ஒரு சுகம் கிடையாது. காலை 7:15க்குச் சாவியைப் பாதி திருப்பிக் காத்திருக்க வேண்டும். உள்ளே எங்கோ ஒரு பெருமூச்சு கேட்கும். அப்புறம் மீதி. கதவை இடுப்பால் இடித்து மூட வேண்டும். இரண்டாவது கியரைக் கெஞ்சிக் கேட்டால்தான் தரும். யார் யாரோ பிடித்து வழுவழுப்பான கியர் குமிழ், வெயிலில் காய்ந்த சீட்டின் வாசனை, மேட்டில் ஏறும்போது கிழவன் மாதிரி அது போடும் முனகல்... வாரத்தில் ஏழு நாளும் ஓட்டினேன். வேலை இல்லாத நாளில் தீப்பெட்டி வாங்கக்கூட வண்டியில் போனேன்.

"என்னை ஒருநாளாவது இப்படித் தடவிக் குடுத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"நீ முனகாம மேடு ஏறிடுவியே" என்றேன். அன்று சாப்பாடு தாமதமாக வந்தது.

வண்டியை எனக்கு விற்றவர் தார்ப்பாய் தைக்கிறவர். ஊரின் மறுகோடியில் அவருடைய பட்டறை. விற்கும்போது மூன்று கேள்வி கேட்டேன். ஏன் விற்கிறீர்கள்? "இடம் பத்தல" என்றார். நான்கு லாரி நிறுத்தும் முற்றம் அவருக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது. ரேடியோ எங்கே? டாஷ்போர்டில் ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகரம் வைத்து ஆறு ஸ்குரூ முறுக்கியிருந்தது. "இருந்துச்சு" என்றார். வண்டியில் ஏதாவது குறை உண்டா? அவர் பின் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு, "ரிவர்ஸ் மட்டும் மெதுவா எடுங்க" என்றார்.

நான் எடுத்த லட்சணத்தைத்தான் சொன்னேனே.

மூன்றாம் நாள். மாலை 6:10. ஒரு குறுகலான சந்து. பின்னால் ஒரு மெஷினை ஏற்றி வைத்திருந்ததால் கண்ணாடியில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ரிவர்ஸ் போட்டேன்.

டொம். டொம்.

இரண்டு தட்டு. யாரோ நல்ல மனுஷர் உதவுகிறார் என்று நினைத்துப் பின்னால் வந்தேன்.

டொம்.

நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தேன். வண்டிக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. உதவியவருக்கு நன்றி சொல்லத் தேடினேன்.

சந்தில் யாருமே இல்லை.

லூசான போல்ட், மட்கார்டு, மெஷின் ஆடுகிற சத்தம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். ஆனால் அடுத்த நாளும் கேட்டது. அதற்கு அடுத்த நாளும். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும். வரலாம் என்றால் இரண்டு, நிற்க வேண்டும் என்றால் ஒன்று. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்தே நாளில் எனக்குப் பயம் போய்த் திமிர் வந்துவிட்டது. பின்னால் பார்ப்பதையே விட்டேன். கண்ணாடியைத் தலை சீவ மட்டும் பயன்படுத்தினேன். தெருவில் என்னைப் பார்த்து, "ஒத்த ஆளா இருந்துக்கிட்டு என்னமா ரிவர்ஸ் எடுக்கறாரு" என்று பேசிக்கொண்டார்கள். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

சின்னச் சின்ன விஷயங்களைக் கவனிக்காமல் இல்லை. காலையில் வண்டியைத் துடைக்கும்போது பின் பம்பரின் தூசியில் நான்கு விரல் தடம் இருக்கும். மேலிருந்து வைத்த விரல்கள் இல்லை... பம்பருக்குக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்த விரல்கள். துடைப்பேன். மறுநாள் காலை அதே இடத்தில் இருக்கும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே. எடுத்துட்டுப் போங்க."

"ஏம்ப்பா இப்படி வேர்க்குது?"

"வெயில்ண்ணே."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

காசும் வாங்கவில்லை. காசு வாங்காத மெக்கானிக்கைப் பார்த்தபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

தார்ப்பாய்க்காரருக்கு இரண்டு முறை போன் செய்தேன். "வண்டியில ஏதாவது சத்தம் வருமா?" என்று கேட்டேன். முதல் முறை, "பழைய வண்டிங்க" என்றார். இரண்டாம் முறை, "என்ன சத்தம்?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. நான் சொல்வதற்குள் அவரே வைத்துவிட்டார்.

அந்த வாரம்தான் மச்சான் தன் பழைய காரிலிருந்து கழற்றிய ஒரு ரேடியோவோடு வந்தான். "பாட்டு இல்லாம என்ன மாமா வண்டி?" தூணை இடித்தவனுக்குப் பரிசு. பெரிய மனசு அவனுக்கு. ஆறு ஸ்குரூவையும் கழற்றினான். தகரத்துக்குப் பின்னால் வயர்கள் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய ஒவ்வொரு நுனியிலும் டேப் சுற்றியிருந்தது. காயத்துக்குக் கட்டுப் போடுவது மாதிரி, அவ்வளவு பொறுமையாக.

"யாரோ பாட்டு மேல செம கோவத்துல இருந்திருக்காங்க மாமா" என்று சிரித்தான் மச்சான். நானும் சிரித்தேன். டேப்பைப் பிரித்து ரேடியோவை மாட்டினான்.

மறுநாள் வியாழக்கிழமை. மாலை 6:40க்கு வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கை கால் கழுவி டீ குடித்தேன். மெஷினை இறக்க வேண்டும். கொட்டகை வாசலுக்கு இன்னும் ஐந்தடி இருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்தால் தூக்கும் தூரம் குறையும்.

என் மகளுக்கு ஏழு வயது. உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கொட்டகையில் கிடந்த ஒரு பழைய மெஷினுக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. அந்த நினைப்பு எனக்கு வரவில்லை.

6:52. வண்டியில் ஏறினேன். சாவியைத் திருப்பியதும் ரேடியோவில் ஒரு குத்துப் பாட்டு. ரிவர்ஸ் போட்டேன்.

வழக்கமாக வரும் இரண்டு தட்டு வரவில்லை. பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எண்ணிக் கிளட்சை விட்டேன்.

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

டொம்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டொம்... டொம்.

அட! தாளம் போடுகிறானே! எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டியரிங்கில் நானும் விரலால் தட்டினேன். மூன்று. நான்கு.

பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஆமாம்... கூட்டினேன்.

ஐந்து.

ஆறு.

ஏழு.

ரேடியோ செத்தது.

விளக்கு, சத்தம், எல்லாம். யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி.

டொம்.

தட்டு பின்னாலிருந்து வரவில்லை.

டொம்.

என் காலுக்குக் கீழே...

பிரேக்கை மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சாவியைப் பிடுங்கினேன். இறங்கினேன். எந்த வரிசையில் செய்தேன் என்று தெரியாது.

குனிந்தேன்.

என் மகள்.

பின் சக்கரத்துக்கு முன்னால் இல்லை. பின்னால். குப்புறப் படுத்திருந்தாள். சக்கரத்துக்கும் அவள் சடைக்கும் நடுவில் ஒரு சாண்.

இழுத்தேன். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன்.  

"குட்டிப்பூனை உள்ள போயிருச்சுப்பா" என்றாள்.

"தட்டினியே... நல்லவேளை தட்டினியே தங்கம்."

"நான் தட்டலையே. ரெண்டு கையிலயும் குட்டி இருக்கே."

இருந்தது. இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் மணிக்கட்டில் பூனை கீறிய கோடுகள்.

"அப்போ யாரும்மா தட்டினா?"

"படுத்திருந்தாருல்ல... அவரு."

"எவரு?"

அவள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

"இப்போ இல்லப்பா."

அன்று என் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மச்சான் வந்து ரேடியோவைக் கழற்றினான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தான். பாடியது. "வயர்ல ஒரு குறையும் இல்ல மாமா" என்றான். அவனும் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இந்த வண்டி என் வீட்டு முற்றத்தில் நிற்கலாமா, கூடாதா? அதில் இருப்பது என் மகளைக் காப்பாற்றியதா, இல்லை, அவளை அங்கே இழுத்ததா?

வெள்ளிக்கிழமை காலை 8:05க்குத் தார்ப்பாய்ப் பட்டறைக்குப் போனேன். அவர் தையல் மெஷினில் இருந்தார். வண்டிச் சத்தம் கேட்டும் தலை நிமிரவில்லை.

"அண்ணே, உங்க வண்டியில என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லங்களே..."

"நேத்து என் பொண்ணு வண்டிக்கு அடியில இருந்தா. நான் ரிவர்ஸ் எடுத்தேன்."

மெஷின் நின்றது.

"பொண்ணு...?"

"நல்லா இருக்கா. கீழ இருந்து யாரோ தட்டினாங்க. நின்னுட்டேன்."

அவர் எழுந்து வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின் கதவில் முன்பு வைத்த அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"என் தம்பி" என்றார். "எனக்குப் பின்னாடி நின்னு தட்டறது அவன்தான். விளையாட்டுப் பிள்ளை. கல்யாணமாகி ரெண்டு குழந்தை இருந்தும் விளையாட்டுத்தான். ரேடியோவுல பாட்டு வந்தா போதும், வண்டி பாடியில தட்டித் தாளம் போடுவான். அன்னிக்குத் தார்ப்பாய்க் கயித்தை அடியில இருக்கிற கொக்கியில மாட்டறதுக்குக் குனிஞ்சு உள்ள போயிருக்கான். நான் பாக்கல. பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. ரிவர்ஸ் எடுத்தேன்."

நான் பின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"தட்டினான். காது கேக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். கேட்டுச்சு. ஒவ்வொண்ணும் கேட்டுச்சு. தாளம் போடறான்னு நெனச்சேன். நானும் ஸ்டியரிங்ல சேந்து தட்டினேன்ங்க."

"எத்தனை தடவை?"

நேற்று எனக்குக் கேட்ட தட்டுகளின் எண்ணிக்கையை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

"ஒன்பது" என்றார்.

தெருவில் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்த காது அது.

"தினமும் தட்டறானா?" என்று கேட்டார்.

"தினமும். ரெண்டுன்னா வா, ஒண்ணுன்னா நில்லு. தப்பாது."

தலையை ஆட்டிக்கொண்டார். வெகுநேரம்.

"அப்புறம் எதுக்குண்ணே வித்தீங்க? பயந்தா?"

"பயமா?" என்றார். முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தார். "ரேடியோவைப் பிடுங்கிப் போட்டுட்டு ஒரு வருஷம் ஓட்டினேன்ங்க. தினமும். வேலை இருந்தாலும் இல்லாட்டியும் ரிவர்ஸ் போட்டுட்டு மூச்சுகூட விடாம உக்காந்திருப்பேன்."

பின் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு ஒரு தடவைகூடத் தட்டல."