பக்கத்து சீட்டின் எடை

டெல்மஸ் ரேட்லிஃப் முதலில் வண்டியின் பின்பக்கம் போய் நின்று, டிக்கியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி ஒரு தரம் அமுக்கி விடுகிறார். வண்டி எழுந்து, தணிந்து, அடங்குகிறது. அது அடங்கும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு வந்தவரிடம் மூன்று கேள்விகள். "தினம் ஓட்டுற வண்டியா, சனிக்கெழம வண்டியா?" "பந்தயத்துக்கு ட்ரெய்லர்ல ஏத்திட்டுப் போவீங்களா, ஓட்டிட்டே போவீங்களா?" மூன்றாவது, வேறெந்த மெக்கானிக்கும் கேட்காதது: "பக்கத்துல யாரு உக்காருவா?"

பதில் வந்த இரண்டு நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார். தனி ஆள், கால் மைல் பந்தயத்துக்கு மட்டும் என்றால், பின் ஆக்சிலை வண்டியோடு பிடித்திருக்கும் நான்கு கம்பிக் கைகளுக்கும் ரப்பருக்குப் பதில் இரும்பு மூட்டு. "கல்லு மாதிரி நிக்கும். பல்லு ஆடும், அது உங்க பாடு." அதே வண்டியில் வேலைக்கும் போகவேண்டும் என்றால் கீழ்க் கைகளில் கெட்டி ரப்பர் புஷ், மேல் கைகளில் பழைய ரப்பர். குழந்தை உட்காரும் என்றால், "ஒண்ணும் மாத்தாதீங்க. நல்ல டயரா ரெண்டு வாங்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க." பெயர்ப்பலகை இல்லாத அவர் பட்டறைக் கொட்டகையைத் தேடி, கிழக்குக் கென்டக்கியின் மலைப்பாதைகளில் வளைந்து வளைந்து முப்பது வருடமாக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

வயது அறுபத்து மூன்று. நிலக்கரிச் சுரங்கத்தில் பதினொரு வருடம் தவழ்ந்து வேலை செய்த முழங்கால்கள். உட்கார்ந்து எழும்போது அவருக்கு முன்னால் அவைதான் பேசும். வண்டிக்கு அடியில் போக ஒரு கம்பளத் துண்டு வைத்திருக்கிறார். சக்கரம் வைத்த பலகை பிடிக்காது. "சக்கரத்து மேல படுத்தா மனசும் நகந்துட்டே இருக்கும்." மத்தியானம் வேகவைத்த பீன்ஸ், சோள ரொட்டி. பச்சை வெங்காயத்தை ஆப்பிளைக் கடிப்பதுபோலக் கடிப்பார். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நட்டை இறுக்கப் போனால், மீதி வாக்கியம் சில சமயம் மறுநாள்தான் வரும்.

ஊருக்கெல்லாம் இரண்டு நிமிடம். சொந்த வண்டிக்கு இரண்டு வருடமாகியும் முடிவில்லை. எண்பத்து நான்காம் வருடத்து சாம்பல் நிற ப்யூக். அதற்கென்று வாங்கிய இரும்பு மூட்டுக் கைகள் பிரிக்காத பெட்டியில், அலமாரியின் மேல் தட்டில் கிடந்தன. சாயங்காலங்களில் நான் அங்கே போய் உட்காருவது உண்டு. என் வீட்டில் அந்த நேரத்தைக் கழிப்பது இப்போது எளிதாக இல்லை. வா என்றும் சொல்லமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார். அது எனக்குச் சௌகரியம்.

அவர் முடிவெடுக்காததன் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி ஆர்டித்தின் முதுகில் நான்கு எலும்புகளைக் கம்பி வைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். இரும்பு மூட்டு சாலையில் இருக்கும் ஒவ்வொரு விரிசலையும் அப்படியே சீட்டுக்கு அனுப்பும். சனிக்கிழமைதோறும் இருவரும் நாற்பது மைல் தள்ளியிருக்கும் பந்தயத் திடலுக்கு அந்த ப்யூக்கில்தான் போவார்கள். பந்தயத்தில் பக்கத்து சீட்டில் ஆள் கூடாது. அதனால் வேலியோரம் ஆர்டித் இறங்கிக்கொள்வார். உடனே டெல்மஸ் சைக்கிள் பம்பை எடுத்து, வலது பின் ஸ்ப்ரிங்குக்குள் இருக்கும் ரப்பர் பையில் காற்று அடிப்பார். வண்டி சீறிக் கிளம்பும்போது வலது பின் டயர் லேசாகிவிடும்; அதைத் தரையில் அழுத்திப் பிடிக்க ஏதாவது வேண்டும். "பம்புல இருவத்தி ரெண்டு தடவ. அவ எடைக்குக் காத்து."

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வலி அதிகம் என்று ஆர்டித் வரவில்லை. வேலியோரம் வண்டி நின்றது, இறங்க ஆளில்லை. அவர் இறங்கினால்தானே பம்ப் ஞாபகம் வரும். டெல்மஸ் காற்று அடிக்காமல் நேராகப் பந்தயக் கோட்டுக்குப் போய்விட்டார். பச்சை விளக்கு எரிந்ததும் ப்யூக் வலப்பக்கம் பாய்ந்தது. நின்றபோது கதவுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் உள்ளங்கை அகலம்.

முப்பது வருடக் கூட்டாளி ஹோபர்ட்டுக்கு இதில் சந்தேகமே இல்லை. "யோவ், அந்த ரப்பரத் தூக்கிக் கடாசு. இரும்பப் போட்டு, சக்கரம் தூக்காம குறுக்க ஒரு கம்பியும் மாட்டு. காத்தும் வேணாம், கீத்தும் வேணாம். வண்டிய ட்ரெய்லர்ல ஏத்து. ஆர்டித்த என் பிக்கப்புல மெத்த போட்டுக் கூட்டிட்டு வரேன்."

"ட்ரெய்லரு செத்த வண்டிக்கு."

"ஓட்டுறவன் செத்தா?"

"எறங்க ஆளு இல்ல, மறந்துட்டேன். அவ்ளோதான்."

ஹோபர்ட் அன்றே ஆர்டித்துக்குப் போன் போட்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதே பேச்சு. நான் இருக்கும்போதுகூட நிறுத்தவில்லை.

"அந்த இரும்ப மாட்டிடு," என்பார் ஆர்டித்.

"மாட்டுனா நீ உக்கார முடியாது."

"வீட்டுல உக்காந்துக்கறேன். நீ செவுத்துல மோதிட்டேன்னு போன் வர்றதுக்கு இது தேவல."

"அப்ப நானும் போகல."

"சனிக்கெழம முழுக்க நீ வீட்டுல இருந்தா எனக்கு ரெண்டு வலி."

அக்டோபரில் ஆர்டித்தே ஹோபர்ட்டிடம் அந்தப் பெட்டியை இறக்கச் சொல்லி, காய் நறுக்கும் கத்தியால் கிழித்து, நான்கு கைகளையும் வேலை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டார். அரை நாள் வேலையை டெல்மஸ் மூன்று நாள் செய்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆர்டித் முன் சீட்டில் ஏறிக்கொண்டு என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க, சாட்சிக்கு" என்றார். பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

முதல் மைலில் என் தாடை இரண்டு முறை மோதிக்கொண்டது. "ஒண்ணும் தெரியல," என்றார் ஆர்டித். "பழசவிட நல்லாத்தான் இருக்கு." பிறகு நிறுத்தாமல் பேச ஆரம்பித்தார்: சர்ச் விருந்துக்கு யார் யார் என்ன கொண்டுவருகிறார்கள், யார் சுடும் பூசணி 'பை' பலகாரத்தில் சர்க்கரை போதாது. ஓடைப் பாலம் வந்தது. பாலத்தில் கான்கிரீட் சேரும் ஒட்டுகள் இருக்கின்றன, சீரான இடைவெளியில். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு கணம் முன்னால் ஆர்டித்தின் பேச்சு நின்றது. தாண்டியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தது. குரலில் வேறெந்த மாற்றமும் இல்லை. பாலம் முடிகிறவரை டெல்மஸ் எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அடுத்து வந்த சர்ச் வாசலில் வண்டியைத் திருப்பிவிட்டார்.

"ஏன் திருப்பற?"

"பாத்தாச்சு."

கொட்டகைக்கு வந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கி, இருபுறமும் தாங்கிகளை நிறுத்தினார். சைலன்சர் இன்னும் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. இரும்பைக் கழற்றக் கம்பளத்தை விரித்து அடியில் போய்விட்டார்.

"இன்னும் ரெண்டு மைல் போயிருந்தா பழகியிருக்கும்," என்றார் ஆர்டித், மட்கார்டில் கை ஊன்றியபடி.

"எனக்குப் பழகாது."

மேலே விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி மோதிக்கொண்டிருந்தது. 

"அப்ப சனிக்கெழம தோறும் நான் வந்தாகணும்."

"ஆமா."

"நான் வர முடியாத சனிக்கெழம?"

"நானும் போறதில்ல."

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, உள்ளங்கையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஸ்பானர் ஆர்டித்தின் காலடியில் கிடந்தது. நான் எழப் போனேன். ஆர்டித் வேண்டாம் என்று தலையசைத்தார். குனிய முடியாது. செருப்பிலிருந்து வலது காலை எடுத்து, அந்தக் குளிர்ந்த சிமென்ட் தரையில் கட்டைவிரலால் ஸ்பானரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, அந்த உள்ளங்கையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.