மாடி அறையின் ஃப்ளஷ் டேங்க்

யாழினிக்கு டெங்கு பாசிட்டிவ் என்று போன் வந்தபோது, சோரியாங்குப்பம் பள்ளியில் கொசுப்புழு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முண்டியடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் சாயங்காலமும் கை கால் மூடிய சட்டை போடுங்கள், வாரம் ஒருமுறை தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று பாதி சொல்லியிருந்தேன். மீதியைச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

யாழினி என் பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கும் ஒன்பது வயதுதான். நான் சுகாதார உதவியாளர். பிள்ளைகளுக்குக் 'கொசு சார்'. ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது.

ஒரு கேஸ் வந்தால் சுற்றியுள்ள வீடுகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அன்று மதியம் கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஜூனியர் கதிரவன் வந்தான்.

"சார் வூட்டையும் பாத்துடட்டுமா?"

"பாருப்பா. என் வூட்ல இன்னா இருக்கப் போவுது?"

கீழே எல்லாம் சுத்தம். டிரம்முக்குத் துணி கட்டியிருந்தேன். ஃப்ரிட்ஜின் பின்தட்டு காய்ந்திருந்தது. மாடிச் சாவியைக் கேட்டான். அதைத் தேடி எடுக்கவே நேரமானது. அந்த அறை மகனுக்காகக் கட்டியது. அவன் ஹைதராபாத்திலேயே தங்கிவிட்டான். மனைவி இருந்தவரை மேலே போய்ப் பெருக்கிவிட்டு வருவாள். அவள் போன பிறகு நான் படியே ஏறவில்லை.

பாத்ரூமில் ஃப்ளஷ் டேங்கின் மூடி உடைந்திருந்தது. கதிரவன் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான்.

"சார், நீங்களே பாருங்க."

பார்த்தேன். பாட்டிலில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியதைவிட அதிகமாகப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு போட்டுடவா சார்? யாருக்கும் தெரியப் போறதில்ல."

"இருக்கறத எழுதுப்பா" என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாழினி பகலிலும் கொசுவலைக்குள் படுத்திருந்தாள். அவளைக் கடிக்கும் கொசு அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகக் கூடாதல்லவா. அவள் அம்மா செல்வியை வெளியே அழைத்து, என் மாடி டேங்கில் புழு இருந்ததைச் சொன்னேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதான சார், தெனமும் டிரம்ம மூடிக்கினு இருந்தா எம் பொண்ணு" என்றார் செல்வி. உள்ளே போய்க் கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினார். திட்டியிருக்கலாம்.

அவளைக் கடித்தது என் வீட்டுக் கொசுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை. ஒரு வாரத்தில் பிள்ளை தேறி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டிலிருந்து வரும் குழம்புக் கிண்ணம் மட்டும் அதன்பின் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது கேட்கும். நான் டிவியைப் போட்டுக்கொள்வேன்.

பாதியில் விட்ட வகுப்பை முடிக்கச் சோரியாங்குப்பத்துக்கு மறுபடி போனேன். இந்த முறை என் வீட்டைப் பற்றியே சொன்னேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"அந்த ரூம்ல யாரு சார் இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப தெறந்து பாக்குறதுக்கு இன்னா சார்?"

கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதையே மறுபடி எழுதினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஆள் புழங்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பூட்டிய அறையின் சாவியைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் பொறுமையாக நில்லுங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் மாடிக்குப் போகிறேன். டேங்குக்குப் புது மூடி போட்டாயிற்று. இருந்தாலும் தண்ணீரை இறக்கி, உள்சுவரைத் தேய்க்கிறேன். தண்ணீர் போனாலும் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேலை முடிந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்து, மகனின் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குகிறேன்.