அணைக்கட்டுக்குக் கீழே என் விரல்களைத் திறந்த கர்த்தர்

என் புருஷன் என் கண் முன்னாலேயே தண்ணீரில் செத்துக்கொண்டிருந்தார். இனி எனக்கு யாருமில்லை என்று நினைத்தேன். சபையாரே, அன்று கர்த்தர் செய்ததை மறைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணியை நெய்து பட்டாளத்துக்கு அனுப்பும் வேலை ஓயாமல் நடந்தது. என் வீட்டுக்காரர் தாமஸ் அதில் சலவை மேஸ்திரி. மலையடிவாரத்து அணைக்கட்டுக்குக் கீழே, ஆற்றங்கரை நெடுகக் கயிறு கட்டி, வெளுத்த துணியைக் காயப்போடுவார்கள். புது வருஷத்துக்கு மறுநாள் சபையார் எல்லாரும் கட்டுச்சோற்றோடு வண்டி கட்டிக்கொண்டு அங்கே போயிருந்தோம்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்பேன். உபதேசியார் நலம் விசாரித்தால் எந்த வேலைக்கு ஆள் தேடுகிறாரோ என்பேன். பரிசல்காரர் ராமையாவைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் ரொம்பப் பணிவாகப் பேசினார்.

"இடுப்பளவு தண்ணிதாம்மா. புதுசாத் துடுப்புப் புடிக்கிறவுகளுக்கு இதவிடத் தோதான எடம் கெடையாது. நீங்களே தள்ளிக்கிட்டுப் போங்க, நான் கரையோரமா நடந்து வாரேன். மதகுல வெள்ளைக் கொடி ஏறினா மட்டும் ஒடனே ஒதுங்கிருங்க. தண்ணி தெறக்கப் போறாகன்னு அர்த்தம்."

அவ்வளவு லேசான ஆறு என்றால் இவர் ஏன் ஏறவில்லை? அதோடு விட்டாரா, மதகுக்காரரிடம் தெலுங்கில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. எங்களைப் பற்றித்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"ஏங்க, இந்த ஆளை நம்பாதீக."

"ஏட்டி, ஒன் நெழலயே நம்பாதவ நீ. பேசாம ஏறு."

முதலில் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றியது. துடுப்பை முன்னால் போட்டு இழுக்க வேண்டும் என்று ராமையா கரையிலிருந்து சொன்ன பிறகு நேராகப் போனது. என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். நான் ஆற்றைப் பார்க்கவில்லை, ராமையாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தூரம் போனதும் தற்செயலாகத் திரும்பினேன். மதகின் மேல் வெள்ளையாக ஏதோ ஆடியது.

"அங்க பாருங்க, கொடியா?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நம்ம துணிதான். காத்துல பறந்து போய் மாட்டியிருக்கு. எடுக்கச் சொல்லணும்."

கரை முழுக்க அவர் வெளுத்த துணிதான் பறந்துகொண்டிருந்தது. அன்று முழுக்க எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், இந்த ஒரு பேச்சை மட்டும் அப்படியே நம்பினேன். ராமையா தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு ஓடி வந்தார். "கண்டுக்காதீக, எதுக்குக் கூப்பிடுதாரோ" என்றேன்.

பிறகுதான் இரைச்சல் கேட்டது. திரும்புவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பரிசல் பாறையில் மோத, என் வீட்டுக்காரர் வெளியே விழுந்தார். நீச்சல் தெரியாத மனுஷர். ஒரு கையால் பரிசல் விளிம்பையும் மறு கையால் அவர் சட்டைக் கழுத்தையும் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவரே, என் கை நழுவாமல் காத்துக்கொள்ளும்" என்று கதறினேன்.

ராமையா ஆற்றில் குதித்து எங்கள் பக்கம் வந்தார்.

"அம்மா, சட்டைய விடுங்க! கழுத்து இறுகுது! அவர எங்கிட்ட விடுங்க!"

நான் விடவில்லை. இந்த ஆளிடமா? ஜெபிக்க வாய் திறந்தேன். "இயேசுவே" என்ற ஒரு சொல்தான் வந்தது. அப்போது என் விரல்கள் திறந்தன. கை ஓய்ந்துபோகவில்லை. நானாகத் திறக்கவும் இல்லை. இன்றுவரை எனக்கு விளங்காத காரியம் அது. நழுவாமல் காத்துக்கொள்ளும் என்று கேட்டேன், கர்த்தரோ விரல்களைத் திறந்தார்.

இரண்டு பேரும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று அலறினேன். பரிசல் சுற்றிச் சுற்றிப் போய் மணலில் தட்டி நின்றது. அங்கே, துணி காயும் கயிற்றைப் பிடித்துக் கரையேறி, ராமையா என் புருஷனைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். அவர் தண்ணீரைக் கக்கி, இருமி, கண்ணைத் திறந்தார். கழுத்தைச் சுற்றி என் பிடியின் சிவந்த கோடு இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் நான் விதவை.

அப்படியும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மதகுக்காரர்கிட்ட என்ன சொல்லிச் சிரிச்சீக?" என்றேன்.

"வந்தவுக அம்புட்டுப் பேரும் புதுசு, கொடிய முன்கூட்டியே ஏத்துன்னு சொன்னேன்."

"அதுக்கு எதுக்குச் சிரிப்பு?"

"அது ஒங்க மொறைப்பப் பாத்துத்தாம்மா."

ஆற்றங்கரை என்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால் இப்போது அந்த மதகில் சிவப்புக் கொடி ஏறுகிறது. ராமையா எங்கள் வீட்டில் ஒருவராகிவிட்டார். பால்காரரை மட்டும் நான் இன்னும் நம்புவதில்லை.

பிரியமானவர்களே, நீங்களும் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிறீர்கள். கர்த்தர் அனுப்புகிற ஆள் உங்களுக்குப் பிடிக்காத ஆளாக இருக்கலாம். விடுவதற்குப் பயமாக இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். என் விரல்களைத் திறந்தவர் அவர்தான்.