ஐந்தாம் வளைவில் எண்பத்தைந்து

ஜீப்பின் முன்கண்ணாடிக்கு மேலே எல்லோரும் சாமி பேர் எழுதுவார்கள். நீலகிரியில், கட்டபெட்டில் எங்கள் எஸ்டேட் ஜீப்பை ஓட்டிய டிரைவர் அண்ணன் மட்டும் வெள்ளைப் பெயிண்டில் 142857 என்று எழுதியிருந்தார். "இது என்னங்கண்ணா, போன் நம்பரா?" என்று கேலி செய்யாத ஆளில்லை. ஒன்றை ஏழால் வகுத்தால் முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிற எண் அது. இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் 428571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை; தொடங்கும் இடம்தான் வேறு. ஆறு வரைக்கும் இப்படியே போய், ஏழால் பெருக்கினால் ஆறு இலக்கமும் ஒன்பதாகிவிடும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அடேங்கப்பா, உடம்பு சிலிர்த்துவிட்டது!

மலையிறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு பெருக்கலை, இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, சத்தமாகச் சொல்வது அவர் வழக்கம். பனியில் பலகை தெரியாவிட்டாலும் எத்தனையாவது வளைவு என்று தப்பாது. "இதுல ஒருத்தரும் தொலைய மாட்டாங்க, எடந்தான் மாறிக்குவாங்க" என்பார். கூடப் போய்வந்த என் மனைவிக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

என் மனைவிக்கு வலி கண்ட மதியம் அந்த ஜீப்பில்தான் மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். குழந்தை குறுக்காகக் கிடக்கிறது, தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. அண்ணன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இறங்கினார். ஐந்தாம் வளைவில், 714285 வரவேண்டிய இடத்தில், "எழுவத்தொண்ணு, நாப்பத்திரெண்டு, அம்பத்தெட்டு" என்றார்.

பின்சீட்டில் பல்லைக் கடித்துக் கிடந்தவள், "எம்பத்தஞ்சுங்கண்ணா!" என்று கத்தினாள்.

"அம்மிணி சொன்னாச் சரிதானுங்க" என்றார். அதற்குப் பிறகு அவளே சொன்னாள். ஏழாம் வளைவில், இரண்டு வலிக்கு நடுவே, மூன்று தொண்ணூற்றொன்பதையும் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தாள். எட்டாவதற்கு 1142856 என்று ஏழு இலக்கம் வரும். முன்னாலிருக்கும் ஒன்றை எடுத்துக் கடைசியில் கூட்டினால் பழையபடி 142857. "மறுபடி மொதல்ல இருந்துங்கண்ணா" என்றாள். ஆஸ்பத்திரியில் மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

மனைவியின் பயத்தைத் திசைதிருப்பத்தான் அண்ணன் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார் என்று நம்பி, இத்தனை வருஷமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் அவர் புத்தியை மெச்சி வந்தேன். போன மாதம் படுக்கையில் கிடந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

"அட, நீங்க வேற! ரோடே தெரியலீங்க. பயத்துல எண்ணும் மறந்துபோச்சு. அம்மிணி சொல்லச் சொல்லத்தான் ஓட்டுனேன்."

வெளியே ஓட்டமில்லாமல் நின்ற ஜீப்பில் அந்த ஆறு இலக்கங்களும் அழியாமல் இருந்தன. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றாள். "பின்னால பாக்குற கண்ணாடியில அவரு அழுவறதப் பாத்துட்டேன். அப்பறம் எனக்கெங்க வலி?"