சட்டக் கல்லூரிக்கு மனுப் போட்ட குமாஸ்தா

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரும் காலை பஸ்ஸில்தான் செய்தி வந்தது. பஸ் நிற்கும் முன்பே கண்டக்டர் படியில் தொங்கியபடி என்னைப் பார்த்துக் கத்தினார். "பெருசு, கோர்ட்டாண்ட இருப்பாரே உன் குமாஸ்தா, அவரு பூட்டாருய்யா. நெஞ்சு வலியாம்." குமாஸ்தாவுக்குக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப ஒரு கடிதம் என் கையில் இருந்தது. என் ஆயுசில் நான் எழுதிய முதல் கடிதம். அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

குமாஸ்தா ஏகாம்பரத்தை அறிந்த கோர்ட்டுக்காரர்களுக்கும் எங்கள் குப்பத்து ஜனங்களுக்கும் இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிறது. எழுத்து கூடி ஒரு பெயராகி நிற்கும்போது, துக்கத்தை எழுதுகிறோம் என்பதையும் மறந்து மனம் துள்ளுகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை நான் முதலில் பார்த்தது, என் நிலம் போன பிறகு. கடலோரத்தில் எங்கள் வீட்டார் வலை காயவைக்கும் மணல் திட்டு ஒன்று இருந்தது. பக்கத்துச் சவுக்குத் தோப்புக்காரர் வரி கட்டும் தாள் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். பெருவிரலை வைத்தேன். ஆறு மாதத்தில் அங்கே வேலி போட்டுவிட்டார்கள். செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் ஓடினேன். வக்கீல் உள்ளே இருந்தார். வாசலில் மேசை போட்டிருந்த ஏகாம்பரம்தான் அந்தத் தாளின் நகலை எடுத்து, ஒரு வரி விடாமல் எனக்குப் படித்துக் காட்டினார். அது விற்பனைப் பத்திரம். "அண்ணாத்தே, படிச்சுக் காட்டாம கைநாட்டு கேக்கறவன் கையைப் புடிச்சு நிறுத்தணும், தெரிதா?" என்றார். அன்று ஊர் திரும்பி, எங்கள் கன்னியம்மனின் முன் கற்பூரம் ஏற்றி, இனி எந்தத் தாளிலும் பெருவிரல் வைப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்ல சத்தியம்" என்றார்.

என் வழக்கு வாய்தா வாய்தாவாகப் போயிற்று. ஒரு நாள் வக்கீலுக்கு எங்கள் திட்டின் எல்லையே மறந்துவிட்டது. எதிர்க்கட்சி வக்கீல் தப்பாகச் சொல்ல, எங்கள் வக்கீல் தலையாட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வழக்குக் காகிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏகாம்பரத்தின் உதடு துடித்ததைப் பார்த்தேன். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். "குமாஸ்தா எல்லாத்தையும் எழுதலாம். எழுந்து நின்னு பேச மட்டும் கூடாது. நானும் சட்டம் படிக்கப் போறேன்." அப்போது அவருக்கு நாற்பது நெருங்கிவிட்டது.

சட்டம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டுமாம். அவர் படித்திருந்தது பி.யு.சி. வரைதான். பட்டணத்தில் ஒரு மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். கோர்ட்டு கலைந்ததும் கட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மின்சார ரயிலுக்கு ஓடுவார். முதல் நாள் அவர் வகுப்பில் நுழைந்ததும் பசங்கள் எல்லாரும் எழுந்து நின்றார்களாம். வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள். "நானும் உக்காருங்கப்பான்னு சொல்லிட்டு, கடைசி பெஞ்சிலே போயி உக்காந்துகினேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மூன்று வருஷத்தில் பி.ஏ. தேறினார். கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கும் தனபால் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

இனி நான் எழுத வேண்டியது எழுதக் கை வராத இடம்.

சட்டக் கல்லூரி மனுவோடு பட்டச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ், படித்த கல்லூரி கொடுத்த மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அசலாக வைக்க வேண்டும். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது வழக்கு விஷயமாக எங்கள் குப்பத்துக்கு வந்தவர், பையை என் வீட்டில் வைத்துவிட்டு ஊர்த் தலைவரைப் பார்க்கப் போனார். "உள்ள என் சர்ட்டிபிகேட்டெல்லாம் கீது, பத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். என் மனைவிக்கு அதைப் பார்க்க ஆசை. எடுத்தோம். முத்திரை போட்ட ஒரு தாள், அந்த மாற்றுச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. "ஒரு கல்யாணப் பத்திரிகைக்கே நாலு மூலைக்கும் மஞ்சள் வைக்கிறோம், இது இம்மாம் பெரிய காயிதம்" என்றாள். புது வலைக்கும் புதுக் கட்டுமரத்துக்கும் செய்கிறோமே, இதற்குச் செய்யாமல் விடலாமா? மஞ்சளைக் குழைத்து நாலு மூலைக்கும் நானே தடவினேன். நடுவில் குங்குமம் வைத்து அம்மன் படத்தின் முன்னால் வைத்தேன். கீழ் மூலையில்தான் தேதியும் பிரின்சிபால் கையெழுத்தும் இருந்தன என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஈர மஞ்சளில் மை கரைந்து போயிற்று.

அவர் வந்து பார்த்தார். பிறகு என் மனைவியிடம், "மஞ்சள் வச்சீங்களாம்மா? நல்லதுதான்" என்று சொல்லி, தாளை மெல்ல மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கேட்டேன். "சீட்டு ரொம்பிப்போச்சு அண்ணாத்தே" என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். நான் நம்பினேன். மூன்றாம் வருஷம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வழக்கு தோற்றது. அந்தத் தீர்ப்பையும் அவரேதான் எனக்குப் படித்துக் காட்டினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவருடைய மனைவி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். "உங்க கேஸ் காயிதமோ என்னமோ, உங்க பேரு எங்கியாச்சும் கீதான்னு பாருங்கண்ணா. எனக்குப் படிக்க வராது" என்றார். எதையும் முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு இங்கிலீஷில் டைப் அடிக்கச் சொல்வது அவர் வழக்கம். அப்படி எழுதிய தாள் அது. வலைக் கொட்டகையில் முதியோர் வகுப்பு நடத்தும் டீச்சரம்மாவின் தயவில் எனக்கு இப்போது படிக்க வருகிறது. விரல் வைத்துப் படித்தேன். முதல் வரி முடிந்ததும், யார் உதவியும் இல்லாமல் படித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த வரி இது: "மேற்படி சான்றிதழில் மஞ்சள் தடவிக் கெடுத்தது நானே. வேறு எவருக்கும் இதில் பங்கு இல்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன்."

தனபாலைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அவரு படிச்ச காலேஜு ஆபீசுலே கேட்டாங்க. 'யாரு செஞ்சதுன்னு எழுதி, அவங்க கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக் கொண்டாங்க, நகல் வாங்கிக்கலாம்'னு சொன்னாங்க. இவரு, நானேதான்னு எழுதிக் குடுத்துட்டாரு. சர்ட்டிபிகேட்டைத் தானே அழிச்ச ஆளுன்னு பைல்ல ஏறிப்போச்சு, நகலும் குடுக்கலே."

"என்னை இட்டுகினு போயிருக்கலாமே?"

"நானும் சொன்னேன். 'அந்தாளு அம்மன் மேல சத்தியம் பண்ணிகீறாரு, இதுக்குப் போயி கேக்க மாட்டேன்'னாரு."

"இப்பதான் நான் கையெழுத்து போடுவேனே. போன வருஷமே போட்டிருப்பேனே!"

"அதுக்குள்ள இவரு சத்தியம் பண்ணிக் குடுத்தாச்சே பெரியவரே. மாத்திச் சொன்னா பொய்ச் சத்தியம். அப்புறம் எந்தக் கோர்ட்டுலே வக்கீலா நிக்க வுடுவாங்க?"

கேட்டிருந்தால் பெருவிரலை வைத்திருப்பேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. எனக்கே நிச்சயம் இல்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை.

ஏகாம்பரத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு தாள். அவர் எழுதியவற்றில் பொய்யானது அது ஒன்றுதான் என்று தனபால் சொல்கிறார். அதைத் திருத்தி, மஞ்சள் தடவியவன் கன்னியப்பன் என்று என் பெயரை என் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். எழுத்துகள் நேராக வந்திருக்கின்றன. அதை வாங்கிக்கொள்ளத்தான் எந்த ஆபீசும் இல்லை.